ஸ்லாஷ் 4×4: பிரஷ்லெஸ் டிரக்கின் மின்னணுப் பாகங்களை எந்த வரிசையில் மாற்றுவது?

பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் பிரஷ் இல்லாத) மோட்டார் பொருத்திய ரேடியோ கட்டுப்பாட்டு டிரக்கை மேம்படுத்த வேண்டும் என்று நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் மோட்டாரைத்தான் மாற்ற விரும்புகிறார்கள். அந்த வரிசை பிழையானது. மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தைப் பேட்டரி கொடுக்க வேண்டும், கனெக்டர் தாங்க வேண்டும், மோட்டாரை இயக்கும் மின்னணு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியான ஈ.எஸ்.சி. சூடேறாமல் கடத்த வேண்டும், பல்சக்கரங்கள் உடையாமல் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அவ்வளவும் நடந்த பிறகு, அந்த வேகத்தில் ஓடும் வண்டியைத் திருப்புவதற்கு, முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவுக்கு வலு இருக்க வேண்டும். இந்தத் தொடரில் ஒரு பாகத்தை மட்டும் பெரிதாக்கினால் சுமை அதற்கு அடுத்த பாகத்தின் மேல் போய் விழுகிறது. ஆகவே சர்வோ, பேட்டரியும் மின்வழியும், பல்விகிதம், கடைசியாக மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் என்ற வரிசையில் மாற்றுவதே பணத்தையும் வண்டியையும் காப்பாற்றும்.

எடுத்துக்காட்டாக டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ் 4×4 வி.எக்ஸ்.எல். வண்டியை எடுத்துக்கொள்கிறேன். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள இந்த ஷார்ட் கோர்ஸ் டிரக்கில் வெலினியான் 3500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3500 சுற்று) மோட்டாரும் வி.எக்ஸ்.எல்.-3எஸ் ஈ.எஸ்.சி.யும் வருகின்றன, 2 செல் அல்லது 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஓடும். இதே ஸ்லாஷ் குடும்பத்தில் 2 செல்லோடு நின்றுவிடும் பி.எல்.-2எஸ் வகையும் இருப்பதால், எதையும் வாங்கும் முன் உங்கள் வண்டியில் இருக்கும் ஈ.எஸ்.சி.யின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு நிறுவன டிரக் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்லும் கணக்கு பொருந்தும். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் இப்போதைய நிலையை அளந்துகொள்ளுங்கள்

எதையும் கழற்றும் முன், நிறுவனம் கொடுத்த நிலையிலேயே வண்டியை வழக்கமாக ஓட்டும் இடத்தில் ஐந்து நிமிடம் ஓட்டி, மோட்டார், ஈ.எஸ்.சி., பேட்டரி ஆகிய மூன்றின் வெப்பநிலையையும் ஓர் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து எழுதி வையுங்கள். பளபளப்பான அலுமினிய உறையின் மேல் இந்தக் கருவி உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும் என்பதால், மோட்டாரின் மேல் ஒரு சிறு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, எப்போதும் அதே இடத்தில் அளப்பது நல்லது. பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்த நிலையிலிருந்து ஈ.எஸ்.சி. அதைக் குறைந்த மின்னழுத்தம் என்று நிறுத்தும் வரை எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் 4000 செலவாகி, வண்டி 15 நிமிடம் ஓடியிருந்தால், சராசரி மின்னோட்டம் 16 ஆம்பியர்தான். வேகத்தை முடுக்கும் ஒரு கணத்தில் இது நூறு ஆம்பியரைத் தொடக்கூடும். பாகங்களைச் சூடாக்குவது சராசரியைவிட அந்த உச்சங்களே என்பதால், அதிகமாக நிறுத்தி நிறுத்திக் கிளப்பும் ஓட்டுநரின் வண்டி, ஒரே வேகத்தில் ஓட்டுபவரின் வண்டியைவிட அதிகம் சூடேறும்.

சர்வோ

ஸ்லாஷில் வரும் நீர்புகாச் சர்வோவின் திருப்புவிசை சுமார் 9 கிலோ-செ.மீ. 2 செல்லில் பூங்காவின் புல்வெளியில் ஓட்டுவதற்கு இது போதும். 3 செல்லில், அகலமான டயர்களோடு, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் சர்வோவை எதிர்த்துத் தள்ளுகின்றன. வண்டி கேட்ட இடத்தில் திரும்பாமல் அகலமாகப் போகிறது. உலோகப் பல்லுடைய 15 முதல் 20 கிலோ-செ.மீ. வலுவுள்ள சர்வோ ஒன்றைப் போட்டால், மோட்டாரைத் தொடாமலேயே வண்டியின் கட்டுப்பாடு பெரிதும் மாறிவிடும். என் மதிப்பில் இந்த வண்டிக்குச் செலவிடும் முதல் தொகை இதற்கே போக வேண்டும்.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது, சர்வோ அச்சின் பல் எண்ணிக்கை. டிராக்ஸஸ், ஃபுட்டாபா, சாவாக்ஸ் சர்வோக்களில் 25 பல், ஹைடெக்கின் பல வகைகளில் 24 பல், சன்வாவில் 23 பல் என்று இருப்பதால், அச்சில் மாட்டி ஸ்டீயரிங்கை இழுக்கும் பழைய கைப்பிடி (ஹார்ன்) புதிய அச்சில் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பொருந்தாததை அழுத்திச் செருகினால் பல் வழுக்கி, ஓடும் வண்டியில் ஸ்டீயரிங் கைவிட்டுப் போகும். இரண்டாவது, அதன் மின்னழுத்தம். 7.4 வோல்ட்டில் ஓடும் சர்வோவை 6 வோல்ட் கொடுக்கும் ஈ.எஸ்.சி.யோடு சேர்த்தால் அட்டையில் போட்டிருக்கும் வலு கிடைக்காது. மாறாக 6 வோல்ட்டுக்கான சர்வோவுக்கு 7.4 கொடுத்தால் அது எரிந்துவிடும். மூன்றாவது, அது அடைபட்டு நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டம்.

இந்த மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தருவது ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.இ.சி. என்ற சிறு மின்சுற்று. வலுவான சர்வோ ஒன்று சக்கரம் கல்லில் மாட்டிய கணத்தில் 3 முதல் 5 ஆம்பியர் வரை இழுக்கலாம், பி.இ.சி.யால் அதைத் தர முடியாவிட்டால் மின்னழுத்தம் தாழ்ந்து, ரிசீவர் ஒரு கணம் அணைந்து மீண்டும் எழும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டீயரிங் திடீரென்று செயலற்றுப் பிறகு தானே சரியாவதைக் கண்டால், ரிமோட்டின் தொலைவைக் குறை சொல்லும் முன் இதைச் சந்தேகியுங்கள். தனியான பி.இ.சி. ஒன்றைப் பேட்டரியிலிருந்து நேராக இணைப்பது தீர்வாகும். அப்போது ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று கம்பிகளில் நடுவிலுள்ள சிவப்புக் கம்பியைப் பிளக்கிலிருந்து வெளியே எடுத்து, அதன் முனையை மூடிவிட வேண்டும். இரண்டு மின்வழங்கிகள் ஒரே கம்பியில் மோதக்கூடாது.

பொருத்தும்போது சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, ரிமோட்டின் டிரிம் நடுநிலையில் இருக்க, அது தன் மையத்துக்கு வந்த பிறகே கைப்பிடியை மாட்டுங்கள். பின்னர் இரு பக்கத்து எல்லைகளையும் சரிசெய்து, சக்கரம் முழுதாகத் திரும்பி நின்ற பிறகு சர்வோ முனகிக்கொண்டு தள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லாஷின் ஸ்டீயரிங் அமைப்புக்குள் சர்வோவைக் காக்கும் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது தளர்வாக இருந்தால் புதிய சர்வோவின் வலு சக்கரத்துக்குப் போய்ச்சேராமல் ஸ்பிரிங்கிலேயே கரைந்துவிடும்; சற்றுக் கடினமான ஸ்பிரிங்கை அதோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பேட்டரியும் மின்வழியும்

லைப்போ பேட்டரியின் மேல் 50 சி, 100 சி என்று அச்சிட்டிருக்கும் எண்ணைக் கொள்ளளவால் பெருக்கினால் அது தாங்கும் மின்னோட்டம் கிடைக்கும் என்பார்கள். 5000 மில்லி ஆம்பியர்-மணி, 50 சி என்றால் 250 ஆம்பியர். இந்த எண்ணை நம்பி வாங்குவதைவிட, நல்ல சார்ஜர்கள் காட்டும் அக மின்தடையை நம்புவது மேல். ஒவ்வொரு செல்லுக்கும் 5 மில்லி ஓம் இருக்கும் 3 செல் பேட்டரியில் மொத்தம் 15 மில்லி ஓம். நூறு ஆம்பியர் இழுக்கும் கணத்தில் 1.5 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே இழக்கப்படுகிறது. பழையதாகி ஒரு செல்லுக்கு 10 மில்லி ஓம் ஆகிவிட்டால் இழப்பு 3 வோல்ட். 12.6 வோல்ட் பேட்டரி அந்தக் கணத்தில் 9.6 வோல்ட் பேட்டரியாகிவிடுகிறது. வண்டி மந்தமாக இருக்கிறது என்று மோட்டாரை மாற்றுபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது புதிய பேட்டரிதான்.

கனெக்டருக்கும் இதே கணக்கு. தேய்ந்துபோன கனெக்டர் ஒன்றில் ஒரே ஒரு மில்லி ஓம் தடை கூடினாலும் நூறு ஆம்பியரில் 10 வாட் வெப்பம் அங்கே உண்டாகும். ஓட்டி முடித்தவுடன் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். அது கம்பியைவிடச் சூடாக இருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. 3 செல்லில் டிராக்ஸஸின் சொந்தக் கனெக்டரே போதுமானது. வேறு நிறுவனப் பேட்டரிகளையும் பயன்படுத்த விரும்புபவர்கள் எல்லாவற்றையும் எக்ஸ்.டி.90 அல்லது இ.சி.5 வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். இடையில் மாற்று இணைப்புத் துண்டுகளைச் செருகிக்கொண்டு ஓட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் ஒவ்வொரு துண்டும் இன்னொரு தடை.

இந்தக் கம்பிகள் 12 கேஜ் சிலிக்கான் கம்பிகளாக இருக்கும். அவற்றை ஈயம் வைக்கச் சிறிய 25 வாட் சால்டரிங் அயர்ன் போதாது. 60 வாட்டும் அதற்கு மேலும் உள்ள, தட்டையான அகல முனையுடைய அயர்னையும், ஃபிளக்ஸையும், 63/37 (வெள்ளீயம்/காரீயம்) ஈயத்தையும் பயன்படுத்துங்கள். வெப்பத்தில் சுருங்கும் குழாயைக் கம்பியில் முதலிலேயே கோத்துக்கொள்ளுங்கள். கம்பியின் முனைக்கும் கனெக்டரின் குழிக்கும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் ஈயம் உள்ளே பாய்ந்து பளிச்சென்று இறுகும். மங்கலாக, உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை. கனெக்டரின் எதிர்ப்பாதியைச் செருகி வைத்துக்கொண்டு வேலை செய்தால் பிளாஸ்டிக் உருகி ஊசிகள் இடம் மாறாது. பேட்டரிப் பக்கத்துக் கம்பிகளை மாற்றும்போது ஒருபோதும் இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். ஒன்றை வெட்டி, ஈயம் வைத்து, மூடிய பிறகே மற்றதைத் தொடுங்கள். கத்தரியின் இரு அலகும் இரு கம்பியையும் ஒன்றாகத் தொட்டால் பேட்டரி முழுவதும் அந்த இடத்தில் பாயும்.

பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் இடையிலான கம்பியை நீட்டாதீர்கள். நீண்ட கம்பியின் தூண்டல்தன்மையால், ஈ.எஸ்.சி. ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி விடும்போது மின்னழுத்தம் மேலும் கீழுமாக அலைந்து, அதன் நுழைவாயிலில் உள்ள மின்தேக்கிகளைச் சூடாக்கிக் கெடுக்கிறது. நீளம் தேவைப்பட்டால் மோட்டார்ப் பக்கத்துக் கம்பிகளை நீட்டுவது கேடு குறைந்தது.

பல்விகிதம்

ஸ்லாஷ் 4×4-இல் மோட்டார் அச்சில் 13 பல் பினியனும், அது சுழற்றும் ஸ்பர் சக்கரத்தில் 54 பல்லும் வருகின்றன. உள்ளே இருக்கும் பல்சக்கரங்களையும் சேர்த்தால் மொத்த விகிதம் சுமார் 11.8, அதாவது சக்கரம் ஒருமுறை சுழல மோட்டார் ஏறக்குறைய 11.8 முறை சுழல வேண்டும். கேவி என்பது சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் சுழலும் எண்ணிக்கை. 3 செல் பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தமான 11.1-ஐ 3500-ஆல் பெருக்கினால் 38,850 சுற்று. அதை 11.8-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,290 முறை சுழலும். டயரின் விட்டம் சுமார் 11 செ.மீ. என்று கொண்டால் மணிக்கு 68 கி.மீ. வருகிறது. காற்றுத்தடையும் உராய்வும் பேட்டரியின் இறக்கமும் இதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்றாலும், இரண்டு அமைப்புகளை ஒப்பிட இந்தக் கணக்கு போதும்.

பினியனை 13-இலிருந்து 15 பல்லாக மாற்றினால் வேகம் 15 விழுக்காடு கூடும். ஆனால் சக்கரத்துக்கு அதே இழுவிசையைக் கொடுக்க மோட்டார் 15 விழுக்காடு அதிக மின்னோட்டம் இழுக்கும். சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அது 33 விழுக்காடு உயரும். நீளமான தார்ச்சாலையில் இதை மோட்டார் தாங்கலாம். உயரமான புல்லிலும் மணலிலும் தாங்காது. ஓட்டும் தரை கடினமாக ஆக ஆகப் பினியன் பெரிதாகலாம், மென்மையாக ஆக ஆகச் சிறிதாக வேண்டும்.

பினியனைப் பொருத்துகையில் இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஓடவிட்டு, மோட்டாரை நெருக்கி இறுக்கி, பிறகு காகிதத்தை வெளியே உருட்டி எடுங்கள். ஸ்பர் சக்கரத்தைக் கையால் அசைத்தால் மிகச் சிறிய ஆட்டம் தெரிய வேண்டும்; முழுச் சுற்றிலும் நான்கைந்து இடங்களில் அசைத்துப் பாருங்கள். பினியனின் திருகு அச்சின் தட்டையான பகுதியில் உட்கார வேண்டும்; அதற்குத் திருகுப்பூட்டுத் திரவம் ஒரு துளி இடுங்கள். அந்தத் திரவம் பிளாஸ்டிக்கை வெடிக்கச் செய்யும் என்பதால் உலோகத்துக்குள் இறங்கும் உலோகத் திருகுகளைத் தவிர வேறெங்கும் இடக்கூடாது.

மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும்

மேலே சொன்னவற்றைச் செய்து முடித்த பிறகும் போதவில்லை என்றால்தான் இதற்கு வர வேண்டும். அப்போது இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே சரி. ஹாபிவிங்கின் மேக்ஸ்10 எஸ்.சி.டி. போன்ற 120 ஆம்பியர் ஈ.எஸ்.சி.யும், 36 மி.மீ. விட்டமும் 60 மி.மீ. வரை நீளமும் உள்ள நான்கு துருவ மோட்டாரும் இந்த வண்டிக்குப் பொருந்தும் அளவு. காசில் கிரியேஷன்ஸின் மாம்பா எக்ஸும் 1410 மோட்டாரும் இன்னொரு நல்ல இணை. நீளமான மோட்டார் அதே வேலையைக் குறைந்த வெப்பத்தில் செய்கிறது என்பதே இங்கே உண்மையான லாபம். கேவி எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். கேவி கூடினால் ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் திருப்புவிசை அதே விகிதத்தில் குறைகிறது. 4000 கேவி மோட்டார் 3500 கேவி மோட்டாரின் இழுவிசையைத் தர 14 விழுக்காடு அதிக மின்னோட்டம் கேட்கும். அதனால் 4000 கேவிக்கு மாறும்போது பினியனை 13-இலிருந்து 11 அல்லது 12 பல்லாகக் குறைத்துத் தொடங்குங்கள். வெப்பநிலை இடம் கொடுத்தால் பிறகு ஒவ்வொரு பல்லாக ஏற்றலாம்.

4 செல் பேட்டரியைத் தாங்கும் ஈ.எஸ்.சி.யை வாங்கியதும் 4 செல்லைப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். ஸ்லாஷின் பிளாஸ்டிக் இயக்கத்தண்டுகளும் டிஃபரன்ஷியல்களும் அதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. அவற்றை உலோகத்தில் மாற்றினால் ஒரு பாகம் உறுதியாகி, உடைவது அதற்கடுத்த பாகத்துக்கு நகரும். 3 செல்லிலேயே நின்று, அதில் கிடைக்கும் வலுவை நன்றாகப் பயன்படுத்துவதே என் அறிவுரை.

பொருத்தும் முன் அச்சின் தடிப்பைப் பாருங்கள். வெலினியான் மோட்டாரின் அச்சு 3.175 மி.மீ.; பெரிய மோட்டார்கள் பலவற்றில் 5 மி.மீ. என்பதால் புதிய பினியன் தேவைப்படும். மோட்டாரைச் சட்டத்தில் பிடிக்கும் திருகுகள் நீளமாக இருந்தால் அவை உள்ளே போய்ச் செப்புச் சுருளைத் துளைத்துவிடும். புதிய மோட்டாரின் முகத்துத் துளை எவ்வளவு ஆழம் என்று அளந்து, அதைவிடக் குட்டையான திருகையே போடுங்கள். சென்சார் இல்லாத மோட்டாரின் மூன்று கம்பிகளை எந்த வரிசையிலும் இணைக்கலாம். பின்னோக்கிச் சுழன்றால் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் போதும். சென்சார் உள்ள மோட்டாரில் ஏ, பி, சி என்ற குறிகளை அப்படியே பொருத்த வேண்டும், மாற்றவே கூடாது. பேட்டரியின் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் ஈ.எஸ்.சி. அந்தக் கணமே எரிந்துவிடும் என்பதால், செருகும் முன் மல்டிமீட்டரை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஈ.எஸ்.சி.யைக் காற்று படும் இடத்தில், அதன் விசிறி எதிலும் உரசாதபடி இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். ரிசீவரின் ஆன்டெனாக் கம்பியை மோட்டார்க் கம்பிகளுக்கு அருகே கொண்டுபோகாமல், அதற்கென்று உள்ள குழாயில் நிமிர்த்தி வையுங்கள்; 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவில் உண்மையில் வேலை செய்வது நுனியில் உள்ள சுமார் 3 செ.மீ. பகுதி, அதை வெட்டவோ மடக்கவோ கூடாது. ஸ்லாஷின் ரிசீவர்ப் பெட்டி, கம்பிகள் நுழையும் வாயில் சிலிக்கான் கிரீஸ் இட்டு நீர் புகாதபடி மூடப்பட்டிருக்கும். அதைத் திறந்தால் கிரீஸைப் புதிதாக இட்டே மூடுங்கள்.

அதன் பிறகு, ஈ.எஸ்.சி.யை ரிமோட்டோடு பொருத்தும் அளவீடு (காலிப்ரேஷன்). பினியனை ஸ்பரிலிருந்து விலக்கி, வண்டியை ஒரு மேடையின் மேல் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி வையுங்கள். முதலில் ரிமோட்டை இயக்கி, பிறகே வண்டியை இயக்க வேண்டும். அணைக்கும்போது வண்டி முதலில். கையேட்டில் உள்ளபடி நடுநிலை, முழு வேகம், முழுப் பிரேக் ஆகிய மூன்று நிலைகளையும் ஈ.எஸ்.சி.க்குக் கற்பியுங்கள். செல் வகையை லைப்போ என்றும், நிறுத்தும் மின்னழுத்தத்தை ஒரு செல்லுக்கு 3.2 முதல் 3.4 வோல்ட் என்றும், கிளப்பும் வேகத்தைக் குறைவாகவும் அமையுங்கள். டைமிங் என்ற அமைப்பைக் கூட்டினால் சுழற்சியோடு வெப்பமும் ஏறும். அதைத் தொடாமல் விடுங்கள். செல் எண்ணிக்கையைத் தானாகக் கண்டுகொள்ளும் ஈ.எஸ்.சி.க்கு, ஏறக்குறைய முழுதாகத் தீர்ந்த 3 செல் பேட்டரியைக் கொடுத்தால் அது 2 செல் என்று எண்ணி, நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடவிட்டுப் பேட்டரியைக் கெடுக்கக்கூடும். முழுதாகச் சார்ஜ் ஆனதையே செருகுங்கள். கடைசியாக, மோட்டார் மெதுவாகச் சுழலும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். அது உடனே நிற்காவிட்டால், சிக்னல் அறுந்ததும் மோட்டாரை நிறுத்த வேண்டிய ரிசீவரின் ஃபெயில்சேஃப் அமைப்பைச் சரிசெய்யும் வரை அந்த வண்டியைத் தரையில் விடக்கூடாது. மூன்று கிலோவை நெருங்கும் வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கட்டுப்பாடின்றிப் போவது ஆபத்தானது.

முதல் ஓட்டம்

பினியனை மீண்டும் சேர்த்து, இரண்டு நிமிடம் மெதுவாக ஓட்டி நிறுத்தி, முன்பு அளந்த அதே இடங்களில் வெப்பநிலையை அளந்து பாருங்கள். பிறகு ஐந்து நிமிடம், பிறகு பத்து. மோட்டாரின் வெளியுறை 80 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடக் கூடாது. உள்ளே இருக்கும் சுருளும் நியோடிமியக் காந்தமும் உறையைவிடச் சூடாக இருக்கும். அளவு மீறிச் சூடேறிய காந்தம் குளிர்ந்த பிறகும் பழைய வலுவைத் திரும்பப் பெறாது. காலைக் குளிரில் 70 காட்டும் வண்டி, சித்திரை வெயிலில் 38 டிகிரிக் காற்றில் 80-ஐத் தாண்டிவிடும் என்பதால் கோடைக்கென்று ஒரு பல் சிறிய பினியனைக் கையில் வைத்திருப்பது நல்லது. மோட்டார் குளிர்ந்திருக்க ஈ.எஸ்.சி. மட்டும் சூடேறினால் காற்றோட்டத்தையோ கிளப்பும் வேகத்தையோ பாருங்கள்; இரண்டும் சேர்ந்து சூடேறினால் பினியன் பெரிது; பேட்டரி மட்டும் 60 டிகிரியை நெருங்கினால் அதன் தடை கூடிவிட்டது.

முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு மோட்டாரைப் பிடிக்கும் திருகுகளையும் பினியன் திருகையும் மறுபடி இறுக்கிப் பார்த்து, ஸ்பர் பற்களில் தேய்மானம் ஒரே சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள். அடுத்த நாள் ஓட்டப்போவதில்லை என்றால் பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் சேமிப்பு நிலைக்குக் கொண்டுவந்து, வண்டியிலிருந்து கழற்றி, தீப்பற்றாத இடத்தில் தனியே வையுங்கள்; சுவிட்சை அணைத்திருந்தாலும் ஈ.எஸ்.சி. சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும்.